கபுதோ பத்திரிகையின் இளவரசர்

ஜனவரி 9

அறிவிப்பு: ஹனாவா இல்லத்துக் கழிப்பறை இருக்கையைச் சூடாக்கும் பொறி, நெடுநாள் உழைப்புக்குப் பின் இன்று காலை அமைதியாகக் காலமானது. இத்துயரச் செய்தி முதன்முதலில் அடியேன் சுகுருவுக்கே எட்டியது. காது வழியாக அல்ல. நான் போட்ட அலறல் மேல்மாடி வரை கேட்டதாக நம்பத்தகுந்த வட்டாரம் (அம்மா) தெரிவிக்கிறது.

அப்பாவிடம் இதை நாளைக்கு முதல் பக்கத்தில் போடச் சொன்னேன். மிசோ சூப்பை உறிஞ்சிக்கொண்டே, "புது இருக்கை என்ன விலை விக்குதுன்னு கேட்டுட்டு வா. விலை இருந்தாத்தான் எங்க பத்திரிகைல செய்தி" என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கபுதோ பொருளாதார நாளிதழில் அவர்தான் விலைப் பக்கத்தின் ஆசிரியர். வெங்காயம், பழைய இரும்பு, பன்றித் தொடை, செம்பு — ஜப்பானில் எது எவ்வளவுக்கு விற்றாலும் அப்பாவுக்குத் தெரியும். என் பிறந்தநாள் மட்டும் வருஷா வருஷம் மறந்துவிடும். நான் விற்பனைக்கு இல்லை பாருங்கள்.

ஜனவரி 16

எதிர்காலத்தில் என் வரலாற்றை எழுதப்போகிறவர்களின் வசதிக்காக, பள்ளியில் என் அந்தஸ்து எப்படி உயர்ந்தது என்று இங்கே பதிந்து வைக்கிறேன்.

போன இலையுதிர் காலம். சமூகவியல் வகுப்பு. தோஹி சார் கேட்டார்: "பெரிய பத்திரிகைக்கெல்லாம் முதலாளி யாரு?" வகுப்பே தூங்கிக்கொண்டிருந்தது. நான் கையைத் தூக்கினேன். "நாங்கதான் சார்."

பொய் இல்லை! அப்பா பேரில் கபுதோவின் பங்குகள் இருக்கின்றன. ரொம்பக் கொஞ்சம்தான். ஆனால் கடலில் ஒரு சொட்டு என்றாலும் அது கடல் தண்ணீர்தானே? தோஹி சார் "ஓகோ" என்றார். அந்த ஒரு ஓகோவில் என் ராஜ்யம் எழுந்தது.

மறுநாளே ஓகுரா என்னை "முதலாளி" என்று கூப்பிட ஆரம்பித்தான். அதற்கு மறுநாள் கேன்டீனில் தன் நூடுல்ஸ் ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினான். பதிலுக்கு அவனை விளையாட்டுப் பக்க ஆசிரியராக நியமித்தேன். பொருளாதாரப் பத்திரிகைக்கு விளையாட்டுப் பக்கம் எதற்கு என்று கேட்டான். "முட்டாளே, பந்தயம் இல்லாத சந்தை உண்டா?" என்றேன். கையைத் தட்டினான்.

இப்போது வகுப்பில் பாதிப் பேர் என் ஊழியர்கள். நான் வாரிசு. ரொட்டிகளை வாரியதும் நானே.

இதில் ஒரே ஒருத்தி மட்டும் ரொட்டி தரவில்லை. மிசுசாகி கனாயே. ஜன்னலோரமாக உட்கார்ந்து நாலு கட்டச் சித்திரக்கதை வரைகிற பெண். அவள் அம்மாவின் சலவைக்கடையில் துணிகளுக்கு நடுவே தூங்கும் ஒரு பூனைதான் கதாநாயகன். பார்த்ததும் எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பின் வேகத்தில் சொன்னேன்: "இதை எங்க பத்திரிகைக்கே குடுத்துரு. கடைசிப் பக்கம், மேல் மூலை. நான் போட வைக்கிறேன்."

அவள் சிரிக்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்தாள்.

"நிஜமாவா?"

"முதலாளி சொல்றேன்ல."

"சரி. குடுத்துட்டேன்" என்று சொல்லித் தலையைக் குனிந்து வணங்கினாள். ஒரு மாதிரி இருந்தது.

ஜனவரி 17

ஓகுரா சம்பளம் கேட்கிறான். வேலைநிறுத்தத்துக்கு எதிராகக் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.

ஜனவரி 25

ஒரு முதலாளிக்குத் தன் சொத்தின் வரலாறு தெரிய வேண்டாமா? கபுதோவின் நூற்றாண்டு மலர் எங்கள் வீட்டில் இருக்கிறது. செங்கல் கனம், தோல் அட்டை, தங்க எழுத்து. அம்மா அதை முட்டைக்கோஸ் ஊறுகாய் ஜாடிமேல் பாரமாக வைத்திருக்கிறாள்.

"அத எடுத்தா கோஸ் பொங்கிரும். பதிலுக்கு வேற எதையாவது வை."

என் கணக்குப் புத்தகத்தை வைத்தேன். கடைசியில் அதற்கும் ஒரு உபயோகம் கிடைத்தது.

ஊறுகாய் மணத்தோடு படித்தது: மெய்ஜி காலத்தில் ஒரு வியாபாரக் கம்பெனி, பட்டு விலையும் அரிசி விலையும் போட்டு வாரம் ஒரு தாள் அடித்தது. அதுதான் கபுதோ. பிறகு தினசரி. போர்க்காலத்தில் அரசாங்கம் சின்னப் பத்திரிகைகளையெல்லாம் பிடித்து, ஒரே கயிற்றில் கட்டிய மாடுகள் மாதிரி இதோடு சேர்த்துவிட்டது. போர் முடிந்ததும் கம்பெனி விலகிக்கொள்ள, உள்ளே வேலை பார்த்தவர்களே பங்குகளைப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து வெளியாட்கள் ஒருவர் கையிலும் ஒரு பங்கும் கிடையாது. சில வருஷம் முன்னால் லண்டனில் ஒரு கிழட்டுப் பத்திரிகையையே விலைக்கு வாங்கியிருக்கிறார்கள்.

அதாவது வாங்கியிருக்கிறோம்.

நாளைக்கே ஓகுராவை லண்டன் பதிப்புக்கும் சேர்த்து நியமிக்கிறேன். ரொட்டி முழுசாக வேண்டும்.

பிப்ரவரி 3

பேயோட்டும் நாள். வழக்கம்போல அப்பா அட்டை முகமூடி மாட்டிக்கொண்டு பேயானார். நானும் அம்மாவும் வறுத்த சோயாவால் அடித்தோம். அம்மா எறிவதில் இருந்தது சம்பிரதாயம் மட்டும் இல்லை என்று தோன்றியது.

சாப்பிடும்போது அம்மா கேட்டாள்: "மார்ச் கடைசி நாளோட வேலை முடியுதே, அந்தப் பங்கெல்லாம் என்னங்க ஆகும்?"

அப்பா தலைமுடியிலிருந்து ஒரு பயறை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "திரும்பக் குடுத்துறணும்."

"விக்கிறதா?"

"விக்கிறதில்ல. குடுக்கறது. நம்ம ஆளுங்க சங்கத்துக்கு. வாங்குன விலைக்கே."

"லண்டன்ல பத்திரிகை வாங்குற அளவுக்கு வளந்தாச்சு. விலை மட்டும் அதேவா?"

"விலைப் பக்கத்துல விலையே மாறாத சரக்கு அது ஒண்ணுதான் யசுயே."

அவருக்குச் சிரிப்பு. அம்மாவுக்கு அரைச் சிரிப்பு. நான் மென்றுகொண்டிருந்த பயறை அவசரமாக விழுங்கினேன்.

"அப்போ எனக்கு?" என்றேன்.

"உனக்கென்ன? நீ அங்க வேலை பாக்குறியா?"

பிப்ரவரி 4

வாரிசு இல்லை. இளவரசர் இல்லை. மார்ச் முடிந்தால் கடலில் அந்த ஒரு சொட்டும் இல்லை. பங்கு போனால் பங்கம்தான்.

ஓகுராவைச் சமாளித்துவிடலாம். ரொட்டியைத் திருப்பிக் கேட்டால் வயிற்றைக் காட்டலாம். ஆனா அந்தப் பூனை? கனாயேகிட்ட என்னன்னு போய் சொல்றது? ஏன்டா அன்னிக்கு வாயைத் திறந்தே?

பிப்ரவரி 14

காதலர் தினம். கடமைக்கு எல்லாருக்கும் கொடுக்கிற சாக்லேட் எனக்கும் ஒன்று கிடைத்தது, கனாயே கையால். உறையில் "பதிப்பாளர் அவர்களுக்கு" என்று எழுதியிருந்தாள்.

ஓகுரா தோளில் இடித்தான். "டேய் முதலாளி, லஞ்சம்டா!"

"லஞ்சம் இல்ல, முன்பணம்" என்றாள் அவள். அப்புறம் என்னிடம் மட்டும், கொஞ்சம் குரலை இறக்கி: "'கொமா' மாத இதழ்ல புதுசா வரையறவங்களுக்குப் போட்டி வச்சிருக்காங்க. மார்ச் முப்பத்தொண்ணு தபால் முத்திரை விழுந்தாப் போதும். என் பூனைய அனுப்பலாம்னு இருந்தேன். ஆனா வேற எங்கயும் குடுக்கறதாச் சொல்லாத கதையா இருக்கணுமாம். உனக்குக் குடுத்துட்டேன்ல? அதனால அனுப்பல."

"அதெல்லாம் பரவால்ல, அனுப்பு..." என்று இழுத்தேன்.

"பொய்க் கையெழுத்துப் போடச் சொல்றியா?"

அவள் அம்மா ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாளாம். பள்ளியின் கடைசி வருஷமான மூன்றாம் வருஷம் தொடங்கி மேற்படிப்புக்கு எழுதிக் கொடுப்பதற்குள் கனாயேவின் படம் எங்காவது அச்சில் வந்தால் ஓவியப் பள்ளி. வராவிட்டால் கணக்கெழுதும் படிப்பு, பிறகு சலவைக்கடை கல்லா. "நல்லவேளை, உங்க பத்திரிகை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாக்லேட் கசந்தது. கறுப்புச் சாக்லேட் என்பதால் மட்டும் அல்ல.

பிப்ரவரி 16

மேதைகள் படுக்கையில் உதிப்பார்கள். விழித்ததுமே யோசனை வந்துவிட்டது.

இந்த நாட்டில் கையெழுத்துக்குப் பதில் பேர் செதுக்கிய முத்திரை குத்தாமல் எது நடக்கும்? வீடு வாங்க, வீடு விற்க, கல்யாணம் பண்ண, அதை முறிக்க — எல்லாவற்றுக்கும் முத்திரை. எங்கள் வீட்டில் மூன்று இருக்கிறது. பார்சல்காரருக்கு ஒன்று, பாங்குக்கு ஒன்று, பெரிய விஷயங்களுக்கென்று நகராட்சியில் பதிந்த எருமைக்கொம்பு முத்திரை ஒன்று. பங்கைத் திருப்பிக் கொடுப்பது பெரிய விஷயம். ஆகவே எருமைக்கொம்பு. எருமைக்கொம்பு இல்லையென்றால்? பங்கு அப்பா பேரிலேயே நிற்கும். நின்றால் நான் இளவரசர். இளவரசர் நினைத்தால் பூனைக்கு ஒரு மூலை கிடைக்காதா?

பங்கு இருந்தாலும் கடைசிப் பக்கத்தில் பூனை படுக்க யார் அனுமதிப்பார்கள் என்கிற சில்லறைக் கேள்வியைப் பிறகு பார்க்கலாம்.

அலமாரி இழுப்பறையிலிருந்து முத்திரையை எடுத்து அரிசி டப்பாவின் அடியில் புதைத்தேன். அதன்மேல் அம்மா நேற்று வாங்கிய மூட்டையைக் கவிழ்த்தேன். "அட, கேக்காமயே வேலை செய்றானே" என்று அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சலா என்று.

நூற்றாண்டு மலரின் அடுத்த பதிப்பில் எனக்குத் தனி அத்தியாயம் வேண்டும்.

பிப்ரவரி 24

ஒருவரும் முத்திரையைத் தேடவில்லை.

மார்ச் 5

இன்னும் தேடவில்லை. இது என் திட்டத்தின் நேர்த்தி. கபுதோ மாளிகையில் இந்நேரம் இயக்குநர்கள் கூடிக் கைகளைப் பிசைந்துகொண்டிருப்பார்கள். "ஹனாவாவின் முத்திரை எங்கே?" அரிசிக்குள் ஓர் அரசியல் நடக்கிறது, அரிசிக்கே தெரியாது.

முத்திரை போனதில் அப்பா நித்திரை கெடவில்லை. என் நித்திரைதான் கெட்டிருக்கிறது.

அப்பா இப்போது முழுநேரமும் வீட்டில்தான். ஓய்வுக்கு முன் மிச்சமிருக்கும் விடுப்பையெல்லாம் தீர்க்கிறார். இத்தனை வருஷத்தில் எடுக்காத விடுப்பு. திடீரென்று சமைக்கக் கற்றுக்கொள்கிறார். கேரட் நறுக்கும்போது, கேரட் போன வாரத்தைவிட ஏறியிருக்கிறது என்று அதனிடமே சொல்கிறார்.

மார்ச் 14

சாக்லேட் வாங்கிய பையன்கள் பதில் பரிசு கொடுக்கும் நாள். சொல்லிவிடுவது என்று தீர்மானம். மார்ஷ்மெல்லோ டப்பாவை நீட்டி, "மிசுசாகி, ஒரு விஷயம்" என்றேன்.

"ம்?"

"அந்தப் பூனை..."

"பேர் மாத்தணுமா? பதிப்பாளர் சொன்னா மாத்திடறேன்."

"இல்ல, பேர் நல்லாருக்கு."

அவ்வளவுதான். பேர் நல்லாயிருக்காம்! தூ.

மார்ச் 26

பாதி சிரிப்பில், பாதி வேறு எதிலோ எழுதுகிறேன்.

இன்று சமையல் அப்பா. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அரிசி களைந்தார், தண்ணீர் தெறிக்குமாம். டப்பாவில் அடி அரிசி. நான் டியூஷனில். திரும்பி வந்தபோது மூன்று பேருக்கும் சோறு பரிமாறியிருந்தது. அம்மா இரண்டாம் வாய்க்குக் குச்சியை விட்டாள். டொக்.

எடுத்துப் பார்த்தாள். துடைத்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஏங்க, சோத்துல உங்க பேர் கிடக்கு."

அப்பா வாங்கிப் பார்த்தார். "வெந்திருக்கு" என்றார். பிறகு இரண்டு பேரும் மெதுவாக, ஒரே சமயத்தில், என் பக்கம் திரும்பினார்கள்.

எல்லாவற்றையும் கொட்டினேன். பங்கு, இளவரசர், முத்திரை. பூனையை மட்டும் சொல்லவில்லை. அப்பா சிரித்தார். சின்னச் சிரிப்பு இல்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, சோற்றுப் பருக்கை பறக்கச் சிரித்தார்.

"பங்கைத் திருப்பிக் குடுக்க இப்ப எதுக்குடா முத்திரை? வாங்குன அன்னிக்கே குத்தியாச்சு. வேலைய விட்டா இதே விலைக்குத் திருப்பித் தர்றேன்னு முத்திரை வச்சாத்தான் பங்கே கைக்கு வரும். அப்போ நீ பொறக்கவே இல்ல."

"அப்போ நீங்க முதலாளியே இல்லையா?"

"முதலாளிதான். போற வரைக்கும்."

"இது என்னப்பா முதலாளித்தனம்? ஏமாத்துறாங்க உங்கள!"

அப்பா முத்திரையை என் கையில் வைத்தார். இன்னும் சூடாக இருந்தது. "ஒரு வருஷம் உருக்கு விலை படுத்துருச்சு. போடாதீங்கன்னு ஒரு பெரிய கம்பெனிக்காரன் நேரா வந்து நின்னான். மறுநாள் போட்டோம். எங்க பங்குல ஒண்ணே ஒண்ணு அவன் கையில இருந்திருந்தா..." என்றவர் நிறுத்திக்கொண்டார். "சாப்பிடு, ஆறுது. சோறு கொஞ்சம் எருமை வாசனை, கண்டுக்காத."

அம்மா இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வேற எதையாவது எங்கயாவது ஒளிச்சு வச்சிருக்கியா?"

"இல்லம்மா."

மார்ச் 28

ஒளித்து வைத்திருக்கிறேன். அது அரிசி டப்பாவில் இல்லை.

மார்ச் 31

வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய நாள்!

கொட்டும் மழை. நான் நேராகச் சலவைக்கடைக்குப் போனேன். நெஞ்சை நிமிர்த்தி, "மிசுசாகி, என்னிடம் பத்திரிகை இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. உன் பூனை உன்னுடையது. இப்போதே அனுப்பு!" என்று முழங்கினேன். அவள் கண்கள் பனித்தன. "இந்த நேர்மை எத்தனை பேருக்கு வரும், ஹனாவா!" என்றாள். உறையை வாங்கினேன். சைக்கிளை மிதித்தேன். சிவப்பு விளக்குகள் எனக்காகப் பச்சையாகின. பெரிய தபாலாபீஸ் ஜன்னலில் அன்றைய தேதி முத்திரை "தொப்" என்று விழுந்தபோது, நனைந்த முடியைப் பின்னுக்குத் தள்ளி மெல்லச் சிரித்தேன்.

அப்பா பூங்கொத்தோடு வீடு திரும்பினார். வேலை முடிந்தது, பங்கும் போயிற்று. அம்மா பூவை ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 8

மூன்றாம் வருஷம். அதே வகுப்பு. கனாயே எனக்கு வணக்கம் சொல்லவில்லை. வெயில் கண்ணில் பட்டிருக்கும்.

ஏப்ரல் 9

இன்றைக்கு மேகமூட்டம்.

ஜூன் 20

'கொமா' வந்துவிட்டது. ஓகுராதான் வகுப்புக்குள் உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். "மிசுசாகிக்கு ஆறுதல் பரிசு! அச்சுல வந்துருச்சுடா!"

எல்லாரும் மேலே விழுந்து பார்த்தார்கள். நானும் கடைசி ஆளாக எட்டிப் பார்த்தேன். பூனை இல்லை. வேறு கதை.

முதல் கட்டத்தில் ஒரு பையன் மேஜைமேல் நின்று "இந்தப் பத்திரிகை என்னுது!" என்கிறான். இரண்டாம் கட்டத்தில் எல்லாரும் அவனுக்கு ரொட்டி படைக்கிறார்கள். மூன்றாம் கட்டத்தில், பூங்கொத்து வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் சலவைக்கடையில் கோட்டைக் கொடுத்து, "இன்னியோட எனக்கு அதுல ஒரு கமா கூடச் சொந்தமில்லம்மா" என்கிறார்.

நாலாம் கட்டத்தில் ஆள் இல்லை, பேச்சும் இல்லை. தெருவில் காசு போட்டால் டீ தரும் இயந்திரம் ஒன்று. அதன் பின்னாலிருந்து இரண்டு ஷூக்கள் எட்டிப் பார்க்கின்றன. இடது ஷூவின் நாடா அவிழ்ந்திருக்கிறது.

ஓகுரா விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் மெதுவாக என் கால்களைப் பார்த்தான்.

சரி. எழுதிவிடுகிறேன். இதைப் படிக்கப்போவது நான் ஒருவன்தானே.

முப்பத்தொன்றாம் தேதி நான் சலவைக்கடைக்குப் போனது நிஜம். அங்கே அப்பா முதலில் வந்துவிட்டார், ஆபீஸிலிருந்து நேராக, கடைசி நாள் கோட்டைத் துவைக்கப் போட. அவரைப் பார்த்ததும் நான் இயந்திரத்தின் பின்னால் பாய்ந்தேன். ரசீதில் ஹனாவா என்று எழுதியதும் கனாயே குனிந்து வணங்கி, "ஐயா, என் பூனை எப்ப வரும்?" என்று கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. அப்பா முழித்தார். பிறகு விசாரித்தார். பிறகு அந்தக் கமா வசனம். பிறகு அவளைவிட ஆழமாகக் குனிந்து, நெடுநேரம் நிமிரவே இல்லை. என் பொய்க்கு மன்னிப்பாக.

அவர் போனபிறகாவது வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. அவள் கல்லாவில் உட்கார்ந்து ஏதோ எழுத ஆரம்பித்துவிட்டாள். ரசீது போடுகிறாள், முடித்து உள்ளே போனதும் நழுவிவிடலாம் என்று காத்திருந்தேன். முடிக்கிற மாதிரி இல்லை. அடிக்கடி நிமிர்ந்து இயந்திரத்தின் பக்கம் வேறு பார்த்தாள். பார்க்கும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றேன். விளக்கு போடும் நேரம் ஆகிவிட்டது. கடைசியில் ஓர் உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு, தபாலாபீஸ் பக்கம் அவளே ஓடினாள்.

இன்று பள்ளி விட்டதும் கடைக்குப் போனேன். அந்தப் பக்கத்தை அவள் அம்மா சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலேயே மாட்டியிருக்கிறாள். ஓவியப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தாயிற்றாம். "மன்னிச்சிரு மிசுசாகி. நானே சொல்லிருக்கணும்" என்றேன். இந்தத் தடவை நிஜமாகவே சொன்னேன்.

அவள் இஸ்திரிப் பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. "பரவால்ல. அசையாம நின்னே பாரு, அதுக்கு நன்றி. ஷூ வரையறது ரொம்பக் கஷ்டம்."

பூனை எங்கே என்று கேட்டேன். பத்திரமாக இருக்கிறதாம். யாருக்கும் கொடுப்பதாக இல்லையாம்.

சைக்கிள், சிவப்பு விளக்கு, அவள் கண்கள் பனித்தது எல்லாம் என் சொந்தச் சரக்கு. அன்றைக்கு மழைகூடப் பெய்யவில்லை.